தலைகீழாக இறங்கும் குருவிக்கு எந்த மரம் வேண்டும்?

மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் பறவை என்றதும் நமக்கு மரங்கொத்திதான் நினைவுக்கு வரும். பெரிய மரங்கள் மிச்சமிருக்கும் இடமென்றால் வேலூர் நகருக்குள்ளேயே பொன்முதுகு மரங்கொத்தியைப் பார்த்துவிடலாம். அது அடிமரத்தில் தொடங்கி மேலே மேலே போகும். இறங்க வேண்டுமென்றால் பின்பக்கமாகத் தத்தித் தத்தி இறங்கும். பெரும்பாலும் அந்தச் சிரமத்தைக்கூட எடுக்காமல் பறந்துபோய் அடுத்த மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்கும். தலையைக் கீழே வைத்து இறங்குவது அதன் உடம்புக்கு ஒத்துவராத காரியம். அதை நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் ஒரு சின்னக் குருவி நம் மலைக்காடுகளில் உண்டு. வெல்வெட் நெற்றிப் பசையெடுப்பான் என்று பறவை நோக்குபவர்கள் சொல்கிறார்கள்.

நம் மலைக்காடுகள் என்று நான் சொல்வது பழைய வட ஆற்காட்டு மலைகளை. ஏலகிரி, ஜவ்வாது மலை, அதன் வடக்கு அடிவாரத்தில் அமிர்திக் காடு. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. இன்றைக்கு ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டக் கணக்கில் நிற்கிறது. மேலே போய்விட்டால் எல்லாம் ஒரே காடுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள் இவை. நடுவில் பாலாற்றுச் சமவெளி, அதில் தோல் தொழிற்சாலைகள், தேசிய நெடுஞ்சாலை, ரயில் பாதை.

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 12, 13 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சிட்டுக்குருவியைவிடச் சிறியது. முதுகெல்லாம் ஊதா கலந்த நீலம். அலகு பளிச்சென்ற சிவப்பு. நெற்றியில் கறுப்புத் திட்டு. கண்ணின் பாவையைச் சுற்றி மஞ்சள். தொண்டை வெள்ளை, வயிற்றுப் பக்கம் மங்கிய பழுப்பில் லேசான இளஞ்சிவப்பு. ஆணுக்கு நெற்றிக் கறுப்பிலிருந்து கண்ணுக்கு மேலே பின்னோக்கி ஒரு கறுப்புக் கோடு ஓடும். பெண்ணுக்கு அது கிடையாது. இவ்வளவு நிறமும் வெளிச்சம் சரியாக விழுந்தால்தான் தெரியும். பறவை இறகில் நாம் பார்க்கும் நீலம் பொதுவாகச் சாயத்தால் வருவதில்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதனால் மரத்தின் நிழல் பக்கம் போய்விட்டால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஊர்ந்து போவது மட்டுமே கண்ணில் படும். படத்தில் பார்த்துவிட்டுப் போய் நேரில் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

இதை அறிவியல் உலகுக்கு எழுதி வைத்தவர் வில்லியம் ஸ்வைன்சன், 1820இல். அவருக்குக் கிடைத்த பறவை இலங்கையிலிருந்து போனது. சிட்டா ஃபிரண்டாலிஸ் என்பது அவர் வைத்த பெயர். இமயமலையின் அடிவாரத்திலிருந்து தென்னிந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா வரைக்கும் இது பரவியிருக்கிறது. அழியும் அபாயப் பட்டியலில் இது இல்லை, கவலைப்பட வேண்டாத இனம் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, தலைகீழாக எப்படி இறங்குகிறது? மரங்கொத்தியின் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். வாலிறகுகள் விறைப்பானவை, அந்த வாலை மரத்தில் ஊன்றி, இரண்டு காலும் வாலுமாக மூன்று புள்ளியில் அது நிற்கும். ஊன்றுகோல் உடம்பின் பின்பக்கம் இருப்பதால் தலை மேலே இருக்கும் வரைதான் அது பயன்படும். பசையெடுப்பானுக்கு வால் குட்டை, அதுவும் மெத்தென்றது. ஊன்றுவதற்கு ஆகாது. விரல்களும் சாதாரணக் குருவிக்கு இருக்கிற மாதிரி மூன்று முன்னால், ஒன்று பின்னால்தான். ஆனால் அந்தப் பின்விரல் நீளமானது, நகம் வலுவானது. இரண்டு காலையும் அது அருகருகே வைப்பதில்லை. ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று அகட்டி வைக்கும். செங்குத்துப் பாறையில் இறங்குகிறவன் ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கீழே ஊன்றிக்கொள்வதைப் போலத்தான். மேல்கால் உடம்பைத் தொங்கவிடும், கீழ்க்கால் தாங்கும். அதனால்தான் அது நேர்கோட்டில் இறங்காமல் சற்றுச் சாய்வாக, வளைந்து வளைந்து இறங்கும். கிளையின் அடிப்பக்கத்தில் முதுகு தரையைப் பார்க்க ஓடுவதும் இதே உத்திதான்.

வாலை விட்டுவிட்டதால் கிடைத்த லாபம் என்ன என்பதற்குப் பறவையியலாளர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. மரப்பட்டையில் பிளவும் செதிலும் எல்லாப் பக்கமும் பார்த்தபடி இருக்கின்றன. கீழிருந்து மேலே போகிற கண்ணுக்குச் செதிலின் அடிப்பக்கம் தெரியும். அதன் மேல்பக்கத்தில், உள்பள்ளத்தில் பதுங்கியிருக்கும் சிலந்தியும் வண்டின் புழுவும் தெரியாது. மரங்கொத்தி பார்த்துவிட்டுப் போன அதே மரத்தில், அது விட்டுப்போன இரையை மேலிருந்து வருகிறவன் எடுத்துக்கொள்கிறான். இந்தக் கூற்றை நான் ஓரளவுக்குத்தான் ஏற்கிறேன், ஏனென்றால் பசையெடுப்பான் மேலேயும் ஏறும், பக்கவாட்டிலும் ஓடும். இறங்குவது மட்டுமே அதன் தொழில் இல்லை. எந்தத் திசையிலும் போக முடிகிறது என்பதுதான் அதன் உண்மையான லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளிர்நாடுகளில் வாழும் இதன் உறவினர்கள் கொட்டைகளைப் பட்டைப் பிளவில் செருகி அலகால் அடித்து உடைத்துத் தின்பார்கள். பனிக்காலத்துக்கென்று விதைகளை ஒளித்தும் வைப்பார்கள். நம் ஊர்ப் பறவைக்கு அந்தப் பழக்கத்துக்கு அவசியம் இல்லை. பூச்சியும் சிலந்தியும்தான் இதன் சாப்பாடு. நம் மலையிலும் ஒரு பஞ்ச காலம் உண்டு: பிப்ரவரி தொடங்கி இலை உதிர்ந்து காடு வெளிறி நிற்கும் மாதங்கள். இலையில் வாழும் பூச்சிகள் குறைந்துவிடும் அந்த நேரத்திலும் பட்டைக்குள் இருப்பவை இருக்கும். இலையை நம்பாமல் பட்டையை நம்பிப் பிழைப்பதன் சௌகரியம் அப்போது தெரியும்.

தனியாக இதைப் பார்ப்பது அபூர்வம். ஜோடியாக இருக்கும், குஞ்சுகள் வளர்ந்த பிறகு நாலைந்து பேராக. அதைவிட முக்கியம், மற்றப் பறவைகளோடு சேர்ந்து இரை தேடும் கலவைக் கூட்டத்தில் இது இருக்கும். மலைக்காட்டில் நடப்பவர்களுக்கு இந்த அனுபவம் தெரிந்திருக்கும். அரைமணி நேரம் ஒரு பறவையும் இருக்காது; திடீரென்று ஒரே இடத்தில் பத்து வகை வந்து இறங்கும், ஐந்து நிமிடத்தில் அத்தனையும் நகர்ந்து போய்விடும். மேலே இலைக்கூட்டத்தில் மின்சிட்டு, நடுவில் மாம்பழச்சிட்டும் பட்டாணிக்குருவியும், வெறும் காற்றில் பாய்ந்து பிடிக்கும் கரிச்சான், அடிமரத்தில் மரங்கொத்தி. பட்டையும் கிளையின் அடிப்பக்கமும் பசையெடுப்பானுக்கு. ஒரே மரத்தில் இருந்தாலும் ஒருவர் சாப்பாட்டில் மற்றவர் அதிகம் கைவைப்பதில்லை. கரிச்சான் மட்டும் விதிவிலக்கு. அது அடுத்தவர் பிடித்ததைப் பிடுங்கவும் செய்யும். ஆனால் வல்லூறு வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். முகத்தைப் பட்டைக்குள் புதைத்துக்கொண்டு வேலை செய்கிற பறவைக்குச் சுற்றிலும் வேறு யாராவது பார்த்துக்கொண்டிருப்பது பெரிய விஷயம். எப்போதாவது ஒரு புழுவைப் பறிகொடுப்பதை அதற்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கூடு. இந்தப் பறவையின் கதையில் கூட்டுக்குத்தான் அதிக எடை.

பசையெடுப்பான் மரப்பொந்தில் முட்டையிடும். ஆனால் நல்ல மரத்தில் பொந்து குடைய அதன் அலகுக்கு வலு கிடையாது. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போனது, கிளை முறிந்த இடம் உளுத்து உண்டானது, பட்டைப் பிளவு ஆழமாகிப் போனது என்று ஏற்கெனவே இருக்கிற ஒன்றைத்தான் தேடும். உள்ளே உளுத்த தூளைக் கொஞ்சம் தோண்டி எடுத்துச் சரிசெய்துகொள்ளும். பாசி, மயிர், இறகு, புல் என்று கிடைப்பதைப் பரப்பும். வாசல் பெரிதாக இருந்தால் ஈரமண்ணை அலகில் கொண்டுவந்து பூசி, தன் உடம்பு நுழைகிற அளவுக்கு மட்டும் துளையை விட்டுவிட்டு மீதியை அடைத்துவிடும். இந்தப் பூச்சு வேலை இந்தக் குடும்பத்துக்கே உரிய கைவரிசை. வட அமெரிக்காவில் ஓர் இனம் மண்ணுக்குப் பதில் மரப்பிசினை வாசலைச் சுற்றித் தடவும். மேற்காசியப் பாறைகளில் வாழும் இனங்கள் பாறையில் மண்ணாலேயே முழுக் கூட்டையும் கட்டிவிடும்.

வாசலைச் சுருக்குவது ஏன் என்று கேட்டால், காட்டில் பொந்துக்கு இருக்கும் போட்டியைப் பார்க்க வேண்டும். மைனாவுக்குப் பொந்து வேண்டும். பச்சைக்கிளிக்கு வேண்டும். புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான், பட்டாணிக்குருவி, அணில், எல்லாருக்கும் வேண்டும். பொந்துத் தேனீயும் வந்து குடியேறும். அப்புறம் தேன் எடுக்க வருகிறவர் பொந்தின் வாயை வெட்டி அகலமாக்கிவிட்டால் அது எந்தச் சின்னப் பறவைக்கும் உதவாது. பாம்பும் உடும்பும் உள்ளே தலையை நீட்டிப் பார்க்கும். பத்துப் பேர் கேட்கும் வீட்டை, பன்னிரண்டு சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பிடிக்க முடியாது. மற்றவர்கள் நுழைய முடியாதபடி ஆக்கிவிடுவதுதான் வழி.

தென்னிந்தியாவில் ஜனவரியிலிருந்து மே வரை, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் இது குஞ்சு பொரிக்கிறது. மூன்று முதல் ஆறு முட்டை, வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். முதல் பார்வைக்கு இந்தக் காலம் விசித்திரமாகத் தெரியும். வேலூர் கொதிக்கும் மாதங்களில் யாராவது குடும்பம் வளர்ப்பார்களா? ஆனால் வறண்ட இலையுதிர் காட்டின் நாட்காட்டி வேறு. புங்கனும் இலுப்பையும் மழைக்குக் காத்திருப்பதில்லை. மார்ச், ஏப்ரலிலேயே தளிர்விட்டுவிடும். தளிர் வந்தால் அதைத் தின்னும் புழு வரும். புழு வந்தால் குஞ்சுக்கு ஊட்ட ஆகாரம். பொந்துக்குள் மழைநீர் இறங்கும் தொல்லையும் அப்போது இல்லை.

இந்த மாதங்களுக்கு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. காய்ந்த போதைப்புல் (மலையில் வளரும் ஒரு வகைக் காட்டுப்புல்) எரியும் காலமும் இதுதான். ஜவ்வாது மலையில் கோடைத் தீ புதிய விஷயம் இல்லை. பச்சை மரம் பெரும்பாலும் கருகித் தப்பிவிடும். உள்ளே உளுத்து, பொந்தோடு நிற்கும் பட்டமரம்தான் அடியிலிருந்து நின்று எரிந்து சாயும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குருவிக்கு வேண்டியது வயசான மரம். தடித்த, வெடித்த பட்டை இருந்தால் சாப்பாடு. உளுத்த கிளையும் பொந்தும் இருந்தால் வீடு. இரண்டும் இளமரத்தில் கிடையாது. மலை பச்சையாகத் தெரிவதற்கும் இந்தப் பறவை அங்கே இருப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கம் காடு என்றாலே எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்குத்தான் பேசப்படுகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நட்ட தைலமரத் தோப்பில் இதற்கு ஒன்றுமே இல்லை. அந்த மரம் பட்டையை உரித்து உரித்துப் போட்டுவிட்டு வழுவழுவென்று நிற்கும். ஏலகிரியில் எல்லைக்கும் நிழலுக்கும் நட்டிருக்கும் சில்வர் ஓக்கிலும் பொந்து விழும் வயசு வரும் முன்பே கோடரி விழுந்துவிடுகிறது. கருமருது, வேங்கை, புளி, இலுப்பை, மா என்று பட்டை வெடித்த மரங்கள் இருக்கும் இடம்தான் பார்க்க வேண்டிய இடம்.

வயசான மரம் இந்த மாவட்டத்தில் ஏன் குறைவு என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும் திறக்கப்பட்டது. அப்புறம் அது மேற்கே ஆம்பூர், ஜோலார்பேட்டை என்று இந்த மலைகளின் காலடியிலேயே நீண்டது. பாதைக்குக் கட்டை வேண்டும், அந்தக் காலத்து எஞ்சினுக்கு விறகு வேண்டும், செங்கல் சூளைக்கும் வேண்டும். அதே 1856இல்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் காட்டுக் காப்பாளராக ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் நியமிக்கப்பட்டார். ரயிலும் வனத்துறையும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்பது தற்செயல் இல்லை. மரம் தீர்ந்துபோகிறது என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு வந்துவிட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் காப்பாற்றப்பட்டது விலை போகும் மரம். சந்தனத்துக்கு இன்றுவரை தனி விதிகள், தனி வழக்கு, திருப்பத்தூரில் தனிக் கிடங்கு. பொந்து விழுந்த பட்டமரத்துக்கு எந்தக் காலத்திலும் விலை கிடையாது, அது விறகு. காட்டைச் சுத்தம் செய்வதென்றால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

சமவெளியில் நிலைமை இன்னும் மோசம். இந்தப் பறவையை மலைப்பறவை என்கிறோம். ஆனால் தென்கிழக்காசியாவில் இது தாழ்நிலக் காடுகளிலும் இருக்கிறது. உயரம் அதற்கு முக்கியம் இல்லை. இங்கே அது மலையில் மட்டும் தங்கிவிட்டதற்குக் காரணம், தொடர்ச்சியாகப் பெருமரம் நிற்கும் இடம் மலைதான் என்று நான் நினைக்கிறேன். பாலாற்றங்கரையில் அடர்ந்த தோப்புகள் இருந்த காலத்தில் இது கீழேயும் இறங்கியிருக்கலாம்.

உலகத்தில் பசையெடுப்பான் இனங்கள் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் சில ஒரே மலைக்குள் மாட்டிக்கொண்டவை. கோர்சிகா தீவின் மலைப் பைன் காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத ஓர் இனம் உண்டு; பட்டுப்போன பழைய பைன் மரங்களில்தான் அது கூடு வைக்கும். அல்ஜீரியாவில் இன்னொன்று, 1975இல்தான் பாபோர் மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. சில காடுகளில் மட்டுமே இருக்கிறது, அழியும் நிலையில் உள்ள இனம். நம்முடையது பல நாடுகளில் பரவியிருப்பதால் அந்தக் கதி அதற்கு இல்லை. ஆனால் உலகம் முழுக்கப் பத்திரமாக இருக்கும் ஒரு பறவை, ஒரு தனி மலையில் சத்தமில்லாமல் இல்லாமல் போகலாம். ஜவ்வாது மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் வயலும் ஊரும் சாலையும் கிடக்கின்றன. குட்டைச் சிறகோடு காட்டுக்குள்ளேயே சுற்றும் பறவை அதைத் தாண்டி வந்து காலி இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

மலையில் மிச்சமிருக்கும் பெருமரங்களில் ஒரு பகுதி காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினரின் சாமைக் கொல்லைகளின் ஓரத்தில் நிற்கும் புளியும் மாவும் பலாவும், கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட மரங்களும். பழம் தருகிறவரை அந்த மரத்தை யாரும் தொடுவதில்லை. அதற்குள் அது பொந்து விட்டுவிடும். வனத்துறைக்காரர்கள் வேறு விதமாகச் சொல்லலாம், என் கணக்கில் ஒரு பழைய புளியமரம் நூறு கன்றுக்குச் சமம். காட்டுக்குள்ளோ வேறு சிக்கல். உண்ணிச்செடி அடர்ந்து மூடிய இடங்களில் புது வேங்கைக் கன்றோ மருதங்கன்றோ தலைதூக்க முடிவதில்லை. இன்றைய கிழட்டு மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் பாதை, ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறும் பாதை இரண்டிலும் நல்ல பெருமரக் காடு வருகிறது. காவலூர் 725 மீட்டர் உயரம், அங்கிருந்து மேலே போகப் போகக் காடு மாறுவதைக் கவனிக்கலாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இலை குறைந்திருப்பதால் அடிமரமும் கிளையும் தெளிவாகத் தெரியும். கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புங்கள்: 'சிட் சிட் சிட் சிட்' என்று வேகமாக அடுக்கி வரும் கூரிய குரல். மின்சிட்டுக் கூட்டமோ கரிச்சானோ வந்தால் அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடிமரங்களைப் பாருங்கள். மரங்கொத்தியை மாதிரி ஓரிடத்தில் நின்று தட்டாது, ஓடிக்கொண்டே இருக்கும்.

குழப்பம் வரக்கூடிய ஒரே பறவை இந்தியப் பசையெடுப்பான். அது வடக்கிலும் தக்காணத்தின் வறண்ட காடுகளிலும் வாழ்வது. முதுகு நீலச்சாம்பல், ஆணின் வயிறு செங்கற்சிவப்பு, கன்னம் வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. முக்கியமாக அலகு கறுப்பு. சிவப்பு அலகைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மே, ஜூன் மாதங்களில் கவனம் தேவை. அப்போதுதான் பொந்தை விட்டு வெளியே வந்திருக்கும் வெல்வெட் நெற்றிக் குஞ்சுகளின் அலகும் கறுப்பாகத்தான் இருக்கும், உடம்பு நிறமும் மங்கல். அந்த நேரத்தில் அலகை விட்டுவிட்டுக் கன்னத்தையும் வயிற்றையும் பார்த்து முடிவு செய்வது நல்லது. பக்கத்திலேயே சிவப்பு அலகோடு தாயோ தகப்பனோ தீனி கொடுக்க வந்துவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை.